மண்ணெண்ணெய், கஸ்கெற், மூன்றாம் ஆள்

உயர்தர இரசாயனவியலில் ஒரு தாக்கத்தின் வீதமாறிலி, அதாவது செறிவைத் தள்ளிவைத்துவிட்டு அந்தத் தாக்கம் எவ்வளவு வேகமானது என்று சொல்கிற எண், வெப்பநிலையில் மட்டுமே தங்கியிருக்கும் என்று படிப்பிக்கிறோம். கிளிநொச்சியில் ஒரு ரியூசன் கொட்டிலில் நானும் வருடாவருடம் இதையே கரும்பலகையில் எழுதுகிறேன். செறிவை மாற்றினால் வீதம் மாறும், மாறிலி மாறாது. வாயுவில் அமுக்கம் என்பதும் செறிவுதானே, ஆகவே அதுவும் மாறிலியைத் தொடாது. பரீட்சைக்கு இது போதும். ஆனால் வாயு நிலையில் ஒரு சின்னச் சுயாதீன மூலிகம் உடைகிற இடத்துக்கு வந்தால் இந்த வசனம் நிற்காது. அங்கே அமுக்கத்தைக் குறைத்துக்கொண்டே போனால் ‘மாறிலி’யும் கூடவே இறங்கும். வெப்பநிலை அப்படியே இருக்கும், மூலிகம் அதேதான், பிணைப்பும் அதேதான். சுற்றி நிற்கும் நைதரசன் மட்டும் குறைந்திருக்கும். தாக்கத்தில் எந்தப் பங்கும் எடுக்காத நைதரசன்!

எனக்கு இரசாயனவியலில் பிடித்த விஷயம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பாடத்திட்டத்துக்கு வெளியே இருப்பதால் வகுப்பில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சோடி சேராத ஓர் இலத்திரனோடு திரியும் துண்டுதான் மூலிகம். முதல் சேதன மூலிகத்தை 1900இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கொம்பேர்க் கண்டுபிடித்தார். மூன்று பென்சீன் வளையங்கள் சுற்றி நின்று காத்ததால் அது போத்தலுக்குள் தாக்குப்பிடித்தது. மெதைல் போன்ற சின்னது ஒன்று தனியாக இருக்க முடியுமா என்பதற்கு 1929 வரை நல்ல சாட்சி இல்லை. அந்த வருடம் பேர்லினில் பனெத்தும் ஹோபெடிற்சும் மெதைல் கூட்டங்கள் நான்கைக் கொண்ட ஈயச் சேர்வையின் ஆவியை, ஐதரசனோடு, மிகக் குறைந்த அமுக்கத்தில் ஒரு குழாய்க்குள் ஓடவிட்டார்கள். குழாயின் ஓர் இடத்தைச் சூடாக்கியதும் அங்கே ஈயம் பளபளப்பாகப் படிந்தது. பிறகு, வாயு வருகிற பக்கமாக, அதற்கு முன்னாலுள்ள ஓர் இடத்தைச் சூடாக்கினார்கள். புதிய இடத்தில் ஈயம் படிய, பழைய படிவு கரைந்து காணாமல் போனது. சூடான இடத்தில் பிறந்த மெதைல் மூலிகங்கள் வாயுவோடு அள்ளுப்பட்டு வந்து ஈயத்தைப் பிடித்துக்கொண்டு போயிருக்கின்றன. ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே வாழும் ஒன்றை, கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு கறையை வைத்துப் பிடித்த பரிசோதனை அது. இதைவிட அழகான ஒன்றை நான் எங்கும் படித்ததில்லை.

மெதைல் உடைவது கடினம். எதைல் அப்படியில்லை. எதேனில் ஒரு காபன்-ஐதரசன் பிணைப்பை அறுக்க மூலுக்கு 420 கிலோயூல் அளவு வேண்டும். ஓர் ஐதரசனைப் பிடுங்கிய பிறகு மிஞ்சுகிற எதைல் மூலிகத்தில், பக்கத்துக் காபனிலுள்ள ஐதரசன் போக 150, 160 கிலோயூல் போதும். பிணைப்பு அறும்போது மிஞ்சும் இலத்திரன், முன்பே தனியாக நின்ற இலத்திரனோடு சோடி சேர்ந்து இரட்டைப் பிணைப்பு ஆகிவிடுகிறது. செலவின் பெரும்பகுதி அங்கேயே திரும்பி வந்துவிடும். மிஞ்சுவது எதீனும் ஓர் ஐதரசன் அணுவும். கடையில் தருகிற சொப்பிங் பைக்கான எதீனில் பெரும் பங்கு, 800 பாகை செல்சியசையும் தாண்டிய உலைகளில் எதேன் போன்றவற்றை உடைத்தே எடுக்கப்படுகிறது. அந்தச் சங்கிலியில் திரும்பத் திரும்ப நடக்கிற படி இதுதான். எவ்.ஓ. ரைசும் கார்ல் ஹேர்ஸ்பெல்டும் 1934இல் அந்தச் சங்கிலியை எழுதி வைத்தார்கள்.

சரி, 150 கிலோயூல் என்றாலும் அதை யார் கொடுப்பது?

நூறு வருடத்துக்கு முன் இது பெரிய தலையிடி. சில வாயுக்கள் தனியே உடைகின்றன, வீதம் முதலாம் வரிசை, அதாவது செறிவு இரண்டு மடங்கானால் வீதமும் இரண்டு மடங்கு. மூலக்கூறு இன்னொன்றோடு மோதித்தான் சக்தி பெறுகிறது என்றால் வீதம் இரண்டாம் வரிசையாக, நான்கு மடங்காக அல்லவா இருக்க வேண்டும்? மோதாமல் பெறுகிறது என்றால் எங்கிருந்து? பாத்திரத்தின் சுவரிலிருந்து வரும் செங்கீழ்க் கதிர்களிலிருந்து என்று 1919இல் ஜோன் பெரின் சொன்னார். சின்ன ஆளில்லை, அணுக்கள் உண்மை என்று உலகத்தை நம்பவைத்தவர். 1921இல் பெரடே கழகத்தின் விவாதத்தில் லின்ட்மன் அதை மறுத்தார். கதிர்தான் காரணமென்றால் சீனிக் கரைசலை வெயிலில் வைத்ததும் அதன் தாக்கம் தலைதெறிக்க ஓட வேண்டுமே, ஓடவில்லையே என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. வைகாசி வெயிலில் பரந்தனில் ஒரு போத்தல் சீனித் தண்ணீரை வெளியே வைத்துப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்த லின்ட்மன் பிற்காலத்தில் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் ஆனார். 1943 வங்கப் பஞ்சத்தின்போது உணவுக்குக் கப்பல் ஒதுக்குவதற்கு எதிராக ஆலோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர். போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் அரிசிக்கு வரிசையில் நின்ற ஊரில் இருந்துகொண்டு இதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. ஆனால் அவர் சொன்ன பொறிமுறை சரியானது. அதே காலத்தில் டென்மார்க்கில் கிறிஸ்டியன்சன் என்பவரும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார்.

பொறிமுறை இவ்வளவுதான். மூலிகம் பக்கத்தில் நிற்கிற ஏதாவது ஒரு மூலக்கூறோடு மோதிச் சக்தி பெறுகிறது. பெற்றவுடன் உடையாது, கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் இன்னொரு மோதல் வந்தால் பெற்ற சக்தி பறிபோகும். அமுக்கம் கூடுதலாக இருந்தால் கொடுப்பதும் பறிப்பதும் ஓயாமல் நடக்கும், சக்தி பெற்றவை எப்போதும் ஒரே விகிதத்தில் இருக்கும், அதில் ஒரு சிறு பங்கு உடைந்துகொண்டிருக்கும். அங்கே மாறிலி உண்மையிலேயே மாறிலிதான். அமுக்கம் குறைந்தால் பறிக்க ஆளில்லை. சக்தி பெற்றதெல்லாம் உடைந்துவிடும், ஆனால் சக்தி கொடுக்கவும் ஆளில்லை. அப்போது வீதம் முழுவதும் மோதல்களின் எண்ணிக்கையில் போய் நிற்கும், அமுக்கத்தைப் பாதியாக்கினால் மாறிலியும் பாதியாகும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் மெல்ல வளைகிற ஒரு பகுதி இருக்கிறது. சோலி எல்லாம் அங்கேதான்.

சமன்பாட்டில் இந்தப் பக்கத்து மூலக்கூறுக்கு ‘எம்’ என்று ஓர் எழுத்து போடுவார்கள். இரண்டு பக்கத்திலும் நிற்கும், எதுவாகவும் மாறாது, மாணவர்கள் வெட்டிவிடப் பார்ப்பார்கள். நான் அதை மூன்றாம் ஆள் என்றுதான் வகுப்பில் சொல்வது.

லின்ட்மனின் கணக்கு அப்படியே போட்டால் பரிசோதனையோடு பொருந்தாது. சக்தி பெற்ற மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் உடையும் என்று அவர் எடுத்துக்கொண்டார். மூலக்கூறுக்குள்ளும் ஒரு உலகம் இருக்கிறது என்பதை 1920களின் பிற்பகுதியில் ஹின்ஷெல்வுட், ஓஸ்கார் ரைஸ், ராம்ஸ்பேர்கர், காசெல் ஆகியோர் சேர்த்தார்கள். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் அது எல்லா வாய்க்காலிலும் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தால் கடைசி வயலுக்கு வேண்டிய அளவு ஒரு வாய்க்காலில் சேரக் காத்திருக்க வேண்டும். வாய்க்கால் கூடக்கூடக் காத்திருப்பும் கூடும். மூலக்கூறில் வாய்க்கால்கள் அதன் அதிர்வுகள். அணுக்களின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஆறைக் கழித்தால் எத்தனை அதிர்வுகள் என்று வரும், மூலக்கூறு நேர்கோடாக இல்லாதவரை. மொத்தச் சக்தி போதுமானதாக இருந்தாலும், உடைய வேண்டிய அந்த ஒரு பிணைப்பில் அது வந்து சேர வேண்டும்.

இதைக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடைவதற்கு ஆகக் குறைந்தது வேண்டிய சக்தியைத் தடை என்போம். ஒரு மூலிகத்திடம் அந்தத் தடையைப்போல ஒன்றரை மடங்கு சக்தி இருக்கிறது என்று வையுங்கள். காசெலின் எளிய சூத்திரப்படி, அது உடையும் வாய்ப்பு ஒவ்வொரு மேலதிக அதிர்வுக்கும் மூன்றில் ஒன்றாகக் குறையும். அதிர்வின் வேகம் செக்கனுக்குப் பத்து இலட்சம் கோடி என்று எடுப்போம்.

போமைல் மூலிகத்தில் மூன்றே அணுக்கள், மூன்றே அதிர்வுகள். பத்து இலட்சம் கோடியை ஒன்பதால் பிரித்தால் செக்கனுக்கு ஒரு இலட்சம் கோடிக்கு மேல். சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் ஒரு மூலக்கூறு செக்கனுக்குச் சில நூறு கோடி தடவைதான் மோதும். ஆகவே போமைலுக்குச் சக்தி கிடைத்தால் யாரும் பறிக்க வருவதற்கு எத்தனையோ முன்பே அது ஐதரசனாகவும் காபனோரொட்சைட்டாகவும் பிரிந்துவிடும். அதன் உடைவு எப்போதும் மூன்றாம் ஆளின் கையில்தான். எங்கள் அடுப்பில் எரிகிற சுவாலையிலும் அதே கதை.

எதைலில் ஏழு அணுக்கள், 15 அதிர்வுகள். பதினைந்தையும் எண்ணக்கூடாது. விறைப்பான காபன்-ஐதரசன் நீட்சிகள் குவாண்டம் விதிப்படி இலேசில் பங்கெடுக்கமாட்டா, பாதியளவுதான் கணக்கில் வரும். எட்டு என்று போட்டால் பிரிக்க வேண்டிய எண் 2187. விடை செக்கனுக்கு ஏறத்தாழ 450 கோடி. மோதலும் சில நூறு கோடி, உடைவும் சில நூறு கோடி! எதைல் எங்கள் சாதாரண அமுக்கத்திலேயே வளைவின் நடுவில் நிற்பது இதனால்தான். பெரிய கணினிக் கணக்கு போட்டவர்களும் வெப்பமான வாயுவில் இதே இடத்துக்குத்தான் வருகிறார்கள். கொப்பியின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு இவ்வளவு தூரம் வருவது எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

மூன்றாவதாக மண்ணெண்ணெய். பன்னிரண்டு காபன் கொண்ட ஒரு சங்கிலி மூலிகத்தை எடுத்தால் 37 அணுக்கள், 105 அதிர்வுகள். அதில் பாதியை எண்ணினாலும் சக்தி ஓரிடத்தில் சேர எடுக்கும் நேரத்துக்குள் மோதல்கள் எத்தனையோ வந்துபோகும். அமுக்கத்தைக் கூட்டினால் என்ன குறைத்தால் என்ன, அதன் உடைவு மாறிலி பெரிதாக அசையாது. ஆனால் அது உடைந்து, அந்தத் துண்டுகள் உடைந்து, கடைசியில் வருவது எதைலும் போமைலும்தான். தாத்தாவுக்கு அமுக்கம் பொருட்டே இல்லை, பேரப்பிள்ளைகளை அது ஆட்டிவைக்கும்.

மண்ணெண்ணெய் என்றால் இங்கே வாசிக்கிற பலருக்கும் ஒரு மணம் நினைவுக்கு வரும். தடை இருந்த வருடங்களில் வன்னியில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெய்யில் ஓடின. அதுவும் தாராளமாகக் கிடைத்த பொருளில்லை, பெற்றோலோடு பார்க்கும்போது கிடைத்தது, அவ்வளவுதான். காபரேற்றருக்குள் ஊசியால் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து எடுப்பார்கள். எஞ்சின் சூடாகியதும் மண்ணெண்ணெய் ஆவியாகத் தொடங்கும், பிறகு அதிலேயே போகும். பின்னால் வெள்ளைப் புகை, கண்ணைக் கரிக்கும். அந்தக் கரிப்பில் ஒரு பங்கு அல்டிகைட்டுகள். ஒட்சிசன் ஏறிய அல்கொட்சி மூலிகங்கள் உடையும்போது அவை வரும். உதாரணமாக எதொட்சி மூலிகம் உடைந்தால் மெதைலும் போமல்டிகைட்டும். அதன் தடை எதைலினதைப்போல் பாதிகூட இல்லை, மூலுக்கு 70, 75 கிலோயூல்தான். அதுவும் அமுக்கத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகிற ஒரு மூலிகம்.

புதுக்குடியிருப்பில் அப்போது கராச் வைத்திருந்த ஓர் அண்ணையிடம் இதைப் பற்றிக் கதைத்திருக்கிறேன். மூலிகம் என்ற பேச்சை எடுக்காமல், மண்ணெண்ணெய்யில் ஓட்ட என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

“ஹெட்டுக்குக் கீழ இன்னொரு கஸ்கெற் போடுவம் மாஸ்ரர். இல்லாட்டி பின்னால ஆள் ஏறின உடன எஞ்சின் டிக் டிக் எண்டு தட்டும். அப்பிடியே ஓடினா பிஸ்டன் போயிடும்.”

“கஸ்கெற் போட்டா ஏன் தட்டாது?”

“உள்ளுக்க அமுக்கம் குறையுமெல்லோ.”

இதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது. கஸ்கெற் என்பது சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வைக்கிற தகடு. இன்னொன்று போட்டால் ஹெட் உயர்ந்து உள்ளே இடம் கூடும், கலவை அமுங்குவது குறையும். எஞ்சின் தட்டுவது என்றால், பிளக்கின் சுவாலை வந்து சேர முன்பே மூலையில் மிஞ்சிய கலவை தன்பாட்டில் வெடிப்பது. நீண்ட சங்கிலி மூலிகம் ஒன்று ஒட்சிசனைப் பிடித்துப் பெரொட்சி மூலிகமாகும். அது வளைந்து தன் சங்கிலியிலேயே ஓர் ஐதரசனைப் பறிக்கும். அங்கே இரண்டாவது ஒட்சிசன் ஏறும். கடைசியில் அது உடையும்போது ஐதரொட்சைல் மூலிகங்கள் ஒன்றுக்கு இரண்டாக வெளியே வரும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கலவை வெடிக்கும். மண்ணெண்ணெய்யின் நீண்ட சங்கிலிகளுக்கு வளைந்து பறிப்பது இலகு. நல்ல பெற்றோலில் இருக்கும் கிளைவிட்ட மூலக்கூறுகளுக்கு அது கடினம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் அமுக்கம் முக்கியமாக வேலை செய்வது மூன்றாம் ஆளின் வழியாக இல்லை. பெரொட்சி மூலிகம் சூட்டில் திரும்பவும் ஒட்சிசனை விட்டுவிடப் பார்க்கும். அமுக்கம் கூடினால் ஒட்சிசன் நெருக்கமாக நிற்பதால் சமநிலை பெரொட்சி பக்கம் சாயும். இது பாடப்புத்தகத்துச் செறிவுக் கதைதான். கூடவே, அமுக்கினால் வாயு சூடாகும், அதுவும் சேர்ந்துகொள்ளும். கஸ்கெற் இவை எல்லாவற்றையும் ஒரே தடவையில் இறக்கியது. ஆனால் சின்னத் துண்டுகள் வரைக்கும் வந்துவிட்டால் மூன்றாம் ஆள் உள்ளே வருகிறார். போமைல் விட்ட ஐதரசன் அணு ஒட்சிசனோடு சேரும்போது இரண்டு பாதைகள். ஆள் இல்லாவிட்டால் ஐதரொட்சைலும் ஒட்சிசன் அணுவுமாகப் பிரிந்து சங்கிலி கிளைவிடும். சக்தியைப் பறிக்க ஆள் இருந்தால் ஐதரோபெரொட்சைல் என்ற மந்தமான மூலிகமாக அடங்கும். அமுக்கம் கூடினால் ஓரிடத்தில் வெடிப்பும் இன்னோரிடத்தில் அடக்கமும் வருவதன் காரணம் இதில்தான் இருக்கிறது. இந்தக் கிளைவிடும் சங்கிலிகளைப் பிரித்துப் பார்த்ததற்குத்தான் ஹின்ஷெல்வுட்டுக்கும் செமியோனொவுக்கும் 1956இல் நோபல் பரிசு.

மண்ணெண்ணெய் இங்கே இன்னும் பழங்கதையாகவில்லை. பெற்றோலில் எடுத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற இறைப்பு மெசின்கள் தோட்டங்களில் இருக்கின்றன. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது அவற்றில் பல நின்றன.

மூன்றாம் ஆள் யார் என்பதும் முக்கியம். ஈலியம் வந்து மோதினால் கொஞ்சம்தான் கொடுக்கும், கொஞ்சம்தான் எடுக்கும். நைதரசன் பரவாயில்லை. நீராவி கெட்டிக்காரன், நைதரசனைவிடப் பல மடங்கு. ஒரு மோதலில் முழுச் சக்தியும் பறிபோகும் என்ற லின்ட்மனின் எடுகோள் உண்மையில் நடப்பதில்லை, படிப்படியாகத்தான் இறங்கும். இதனாலும் மற்றக் காரணங்களாலும் வளைவு இன்னும் தட்டையாகிறது. இரண்டு எல்லைகளின் நீட்சிகளும் வெட்டிக்கொள்ளும் அமுக்கத்தில் லின்ட்மன் கணக்கு, உயர் அமுக்கத்தில் வருகிற உச்ச மாறிலியின் பாதி என்று சொல்லும். ஜேர்மனியரான யூர்கன் ட்ரோ இதற்கு ஒரு திருத்தக் காரணி கொடுத்தார். அது வழக்கமாக எடுக்கும் 0.6 என்ற பெறுமானத்தைப் போட்டால் பாதியின் 0.6, அதாவது 0.3தான். கீழ்மட்ட அமுக்கத்திலிருந்து உச்சத்தை ஊகிக்கிறவர்கள் இதை விட்டுவிட்டால் விடை மோசமாகப் பிழைக்கும். வெப்பநிலை கூடினாலும் வளைவு உயர் அமுக்கத்தின் பக்கம் நகரும். சூடான மூலிகங்கள் வேகமாக உடைவதால் அவற்றை முந்திப் பறிக்க இன்னும் நெருக்கமான கூட்டம் வேண்டும். ஒரு சந்தேகம் வரக்கூடும் என்பதால் சொல்கிறேன்: புயல் வந்து வன்னியில் அமுக்கமானி இறங்குவது ஆயிரத்தில் பத்து இருபது பங்கு. அதெல்லாம் இங்கே கணக்கில் வராது.

மாணவர்களுக்குக் கொடுக்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, கெட்டிக்காரர்கள்கூடக் கொஞ்சம் திணறுவார்கள். அமுக்கம் குறையக் குறைய எதைல் உடைவதன் மாறிலியும் குறைகிறது. சமநிலை மாறிலியோ, அதாவது உடைவதன் மாறிலியைச் சேர்வதன் மாறிலியால் பிரித்தால் வருவது, வெப்பவியக்கவியலின் சொத்து, அமுக்கத்தில் தங்காது. அப்படியானால் எதீனும் ஐதரசனும் சேர்ந்து எதைல் ஆவதன் மாறிலிக்கு என்ன நடக்கும்? அதுவும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். ஏன் என்று யோசித்தால், சேர்ந்த கணத்தில் அந்த எதைலிடம் உடைவதற்கு வேண்டிய சக்தி முழுவதும் இருக்கிறது. எடுத்துப்போக ஆள் வராவிட்டால் சேர்ந்த கையோடு பிரிந்துவிடும். உடைவதற்குக் கொடுக்கிற அதே ஆள், சேர்வதற்கு எடுக்கிறவர்.

1951, 52இல் ருடோல்ப் மார்க்கஸ் இந்தக் கொள்கையைக் குவாண்டம் கணக்கோடு இணைத்து இன்று எல்லோரும் பாவிக்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்தார். நோபல் பரிசு அவருக்கு 1992இல் வேறு வேலைக்காகக் கிடைத்தது, இலத்திரன் மாற்றத்துக்கு. அவருடைய சமன்பாடுகளைக் கையால் போட முடியாது, ஆனால் போட வேண்டிய அவசியமும் இல்லை. மெஸ்மர், மல்ட்டிவெல் என்று இரண்டு மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, பழைய மடிக்கணினியிலும் ஓடும். வெற்றிடப் பம்பியும் குவாட்ஸ் குழாயும் எங்களிடம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வவுனியாவிலோ அறிவியல் நகரிலோ படிக்கிற யாராவது ஒரு பிள்ளை முதலில் எதைலை எடுத்து, மூன்றாம் ஆளை நைதரசனிலிருந்து ஈலியத்துக்கு மாற்றி, மற்ற எதையும் தொடாமல் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டும். வருகிற இரண்டு வளைவுகளையும் எனக்கு அனுப்பினால் அடுத்த வருட வகுப்பில், பாடத்திட்டத்தில் இல்லை என்றாலும், முதல் நாளே அவற்றைத்தான் கரும்பலகையில் வரைவேன்.